தட்டிக் கொடுப்பதா? தட்டிக் கேட்பதா?

நடுவர் அவர்களே, ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம். மீதி வணக்கத்தை எனக்கு முன்னால் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

‘நடுவர் அவர்களே’ என்று கூப்பிடவே இன்றைக்கு நாக்கு கூசுகிறது. தலைப்பு அப்படி. நடுவரின் தப்பான தீர்ப்பால் தோற்று நிற்கும் பிள்ளைக்கு நாம் செய்ய வேண்டியது தட்டிக் கொடுப்பதா, தட்டிக் கேட்பதா? எதிரணியில் மூன்று பேரும் நடுவர்களைத் திட்டித் தீர்த்தார்கள். திட்டும்போது கை மட்டும் உங்கள் பக்கமே நீண்டது ஐயா. தீர்ப்புச் சொல்லும்போது ஞாபகம் இருக்கட்டும்.

நான் தட்டிக் கொடுக்கிற கட்சி. ஆனால் பிறவியிலேயே அப்படி இல்லை. ஒரு காலத்தில் நானும் தட்டிக் கேட்டவன்தான். அந்தக் கதையைக் கேளுங்கள்.

என் அக்கா மகன் பத்தாம் வகுப்பு படிக்கும்போது குறுவட்டக் கபடிப் போட்டி. இறுதி ஆட்டம். 27-க்கு 27. கடைசி ரைடு. நம்ம பையன் பாடிப் போகிறான். களத்துக்கு இரண்டு பக்கமும் லாபி என்று ஒரு பட்டை இருக்கும். எதிராளியைத் தொட்ட பிறகுதான் அதில் கால் வைக்கலாம். தொடாமல் வைத்தால் அவுட். இவன் கார்னரில் நின்றவனைக் காலால் தொட்டான், லாபியில் இறங்கினான், பாய்ந்து நடுக்கோட்டுக்கு வந்துவிட்டான். ரெஃபரி விசில் ஊதினார். “டச் இல்லை. அவுட்!”

தாய்மாமன் நான் சும்மா இருப்பேனா? வேட்டியை மடித்துக் கட்டினேன். கயிற்றைத் தாண்டினேன். தாண்டினேன் என்றா சொன்னேன்? தாண்டப் பார்த்தேன். கயிறு காலில் மாட்டி, கபடிக் களத்துக்குள் நெடுஞ்சாண்கிடையாகப் போய் விழுந்தேன். கூட்டத்தில் ஒருத்தர் கத்தினார்: “இவரும் லாபியில கால் வச்சிட்டாரு, அவுட்டு!”

எழுந்தேன். மண்ணைத் தட்டினேன். கவனியுங்கள் நடுவர் அவர்களே, அன்றைக்கு நான் தட்டியது அது ஒன்றுதான். ரெஃபரியிடம் போய், “யோவ், உனக்குக் கண்ணு தெரியுமா?” என்றேன். அவர் பதிலே பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து பச்சை அட்டையை எடுத்து எங்கள் அணியைப் பார்த்துக் காட்டினார். எதிரணிக்கு ஒரு டெக்னிக்கல் பாயின்ட். 28-க்கு 27 என்று தோற்க வேண்டிய அணியை 29-க்கு 27 என்று தோற்கடித்த பெருமை இந்தத் தாய்மாமனைச் சேரும்!

இதை இரண்டாவது தடவை சொல்லச் சொன்னாலும் சொல்வேன். வேட்டியை மடித்தேன், கயிறு மாட்டியது... சரி, வேண்டாம். நீங்கள் மணியைப் பார்க்கிறீர்கள்.

பையன் அன்றைக்கு அழுதான். தோற்றதற்கு அல்ல. ராத்திரி அக்காவிடம் சொன்னானாம்: “மாமாவ இனிமே மேட்ச் பாக்க வரச் சொல்லாதம்மா.”

எதிரணி அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். “தட்டிக் கொடுப்பதற்கு அது என்ன மாடா?” என்றார். நல்ல கைதட்டல் வாங்கினார். அண்ணே, நீங்கள் நிற்பது புதுக்கோட்டை மாவட்டம். வருஷத்தின் முதல் ஜல்லிக்கட்டு நடக்கிற தச்சங்குறிச்சி இருக்கிற மாவட்டம். இங்கே வந்து மாட்டைக் கேவலமாகப் பேசிவிட்டு எந்த பஸ்ஸில் ஊர் போய்ச் சேருவீர்கள்?

எங்கள் தாத்தா ஒரு காளை வளர்த்தார். ஒரு தடவை வாடிவாசலில் இரண்டு பேர் சேர்ந்து அதன் திமிலில் தொங்கினார்கள். இரண்டு பேர் தொங்கினால் அந்தப் பிடி செல்லாது. இங்கே சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் மைக்கில் இருந்தவர், “பிடிமாடு!” என்று அறிவித்துவிட்டார். தாத்தா மைக்கைப் பிடுங்கப் போகவில்லை. காளையை ஓட்டிக்கொண்டு வந்தார். கொட்டிலில் பருத்திக்கொட்டை வைத்தார். அது வாய் வைக்கவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை. தாத்தா பக்கத்திலேயே கட்டிலைப் போட்டுப் படுத்து, விடிய விடிய அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். விடிகாலை நாலு மணிக்குத் தொட்டியில் தண்ணீர் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அண்ணே, மாட்டுக்கே தட்டிக் கொடுக்கத் தெரிந்த ஊரில், பிள்ளைக்குத் தட்டிக் கொடுக்கக் கூடாது என்கிறீர்களே, இது அடுக்குமா?

அப்புறம் இலங்கைக் கிரிக்கெட் அணியின் ரணதுங்காவை இழுத்தார்கள். 1999-இல் அடிலெய்டில் முரளிதரன் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று நடுவர் நோ-பால் சொன்னதும், கேப்டன் ரணதுங்கா மொத்த அணியையும் எல்லைக்கோடு வரை அழைத்துப் போனாரே என்றார்கள். சரி, போனார். ஒப்புக்கொள்கிறேன். ரணதுங்கா கேப்டன். கேட்கிற உரிமை கேப்டனுக்கு இருக்கிறது. கேலரியில் கடலை கொறிக்கிற தாய்மாமனுக்கு இல்லை. 2023-இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் இதே லாபித் தகராறில் கபடி இறுதி ஆட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றது. அங்கேயும் வாதாடியது களத்தில் இருந்தவர்கள்தான். கடைசியில் 33-க்கு 29 என்று இந்தியா ஜெயித்தது.

அதற்கு முந்தைய கதையை அவர்கள் சொல்லவில்லை. 1995 டிசம்பர் 26, மெல்போர்ன். நடுவர் டாரல் ஹேர் முரளிக்கு ஏழு தடவை நோ-பால் கொடுத்தார். ஐம்பதாயிரம் பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முரளிக்கு அப்போது 23 வயது. பந்தைத் தூக்கி எறிந்துவிட்டா போனார்? முனை மாறி, இன்னொரு நடுவர் நின்ற பக்கத்திலிருந்து வீசினார். 2010-இல் காலியில் ஓய்வு பெறும்போது டெஸ்டில் 800 விக்கெட். அந்த ஏழு பந்துக்குப் பிறகு அன்றைக்கு யார் அவர் தோளில் கை போட்டார்களோ எனக்குத் தெரியாது. யாராவது போட்டிருப்பார்கள். போடாமல் 800 வராது!

மணி அடித்துவிட்டீர்கள். நான் தட்டிக் கேட்கவில்லை ஐயா. இரண்டே நிமிடம்.

தோற்ற மறுநாள் பையன் பள்ளிக்கூடம் போகவில்லை. கபடி பனியனை அடுப்படி விறகு மேல் சுருட்டிப் போட்டிருந்தான். சாயங்காலம் அவனுடைய பி.டி. மாஸ்டர் சைக்கிளில் வந்தார். விசிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, “எந்தக் கால்ல தொட்ட?” என்று கேட்டார்.

“வலது கால் மாஸ்டர்.”

“ரெஃபரி எந்தப் பக்கம் நின்னாரு?”

பையன் கொஞ்சம் யோசித்தான். “இடது பக்கம்.”

“அவருக்கு உன் முதுகுதான் தெரிஞ்சிருக்கும். நாளைக்குக் காலையில வா. ரெஃபரி எங்க நின்னாலும் தெரியற மாதிரி தொடப் பழகுவோம்.”

போகும்போது முதுகில் ஒரு தட்டு. அவ்வளவுதான். அக்கா உள்ளே போய் அந்தப் பனியனை எடுத்து வாளியில் ஊறப்போட்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். வெளியே வர வெட்கம். அன்றைக்கு ராத்திரி அவன் தூங்குகிறான் என்று நினைத்து, பக்கத்தில் போய் முதுகைத் தடவினேன். தூங்கவில்லை. திரும்பிப் பார்க்காமலேயே கேட்டான்: “மாமா, விழுந்தப்ப முட்டில அடி பட்டுச்சா?”

தாய்மார்களே, நான் அந்தப் பிள்ளைக்கு ஆறுதல் சொல்லப் போனவன்.

அவன் இன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். இதோ பந்தலில் கடைசி வரிசையில், ஸ்பீக்கர் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். நான் பேசுகிற பட்டிமன்றத்துக்கெல்லாம் வருவான். போன மாதமும் தீர்ப்பு எனக்கு எதிராகத்தான் போனது. மேடையை விட்டு இறங்கினேன். “மாமா, அந்தக் கயிறு கதைய இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கலாம்” என்று சொல்லி முதுகில் ஒன்று வைத்தான்.

அதனால் நீங்கள் எப்படித் தீர்ப்புச் சொன்னாலும் எனக்குக் கவலை இல்லை நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.