கல்லைத் தொடுமுன் காகிதம்
(பீடோங் கோயில் மண்டபத்தில், மலேசியப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்த மாணவர்களுக்கு ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, தோட்டத்துப் பெரியவர்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

'கடாரம் கொண்டான்' என்று மேடைதோறும் முழங்குகிறோம். ராஜேந்திர சோழன் வென்ற அந்தக் கடாரம், நம் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கு, இங்கிருந்து மோட்டார் சைக்கிளில் போய்வரும் தூரம்தான். 2013இல் அங்கே சுங்கை பத்துவில், ஆய்வாளர்கள் 11ஆம் எண் கொடுத்த பழங்கோயிலின் எச்சத்தை வீடமைப்புக்காக இடித்துத் தள்ளினார்கள். அது காக்கவேண்டிய சின்னமென்று அரசிதழில் பதிவாகவே இல்லை என்பது நம்மில் பலருக்கு அப்புறம்தான் தெரிந்தது. நம் முழக்கம் எதையும் காப்பாற்றவில்லை.

பழஞ்சின்னங்களைக் காக்கும் வேலை என்றால் கல்லைக் கழுவிப் பூசுவது என்று நினைக்காதீர்கள். பெரும்பகுதி அளப்பது, வரைவது, எழுதிவைப்பது. ஏன் இத்தனை எழுத்து வேலை என்பீர்கள். கம்போடியாவின் பாபுவோன் கோயில் கதையைக் கேளுங்கள். 11ஆம் நூற்றாண்டுக் கட்டடம். உள்ளே மணலை நிரப்பி, வெளியே கல் அடுக்கியது. மழைநீர் இறங்க இறங்க மணல் கனத்துச் சுவரைத் தள்ளிவிட்டது. 1960களில் பிரெஞ்சு நிபுணர்கள் கல் கல்லாகப் பிரித்து, எண் போட்டு, சுற்றிலும் காட்டில் பரப்பினார்கள். ஏறத்தாழ 300,000 கற்கள்! போர் வந்தது. கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை ஆண்ட காலத்தில் பதிவேடுகள் அழிந்தன. 1995இல் வேலையை மறுபடி தொடங்கியபோது கல் இருந்தது. எந்தக் கல் எங்கே என்ற கணக்கு இல்லை. சாந்து வைக்காத கட்டடமாயிற்றே, ஒரு கல்லின் இடத்தில் இன்னொன்று உட்காராது. எஞ்சிய பழைய புகைப்படங்களோடு மல்லுக்கட்டி, 2011இல்தான் முடித்தார்கள்.

தெரியாததைக் கட்டாமல் விடவும் மனம் வேண்டும். மெர்போக்கில் புக்கிட் பத்து பஹாட் கோயிலை 1960இல் அலஸ்டேர் லேம்ப் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் எடுத்து நிறுத்தினார். கருங்கல் அடித்தளமும் தூண் பீடங்களும்தான் நிற்கின்றன. மரமும் கூரையும் மக்கிப்போனவை. போனது போனதாகவே இருக்கிறது. நம்மாளாக இருந்தால் ராஜகோபுரமே எழுப்பி, ஐந்து வண்ணம் அடித்திருப்பார்! (சிரிப்பு)

தொல்லியல் படித்தவர்களுக்கு மட்டும்தான் இந்தத் துறை என்றில்லை. வேதியியல், கட்டடப் பொறியியல், நில அளவை, தச்சு எல்லாவற்றுக்கும் இடமுண்டு. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. ரோமில் இக்ரோம் என்ற பன்னாட்டுப் பழஞ்சின்னப் பாதுகாப்பு மையம் பயிற்சி தருகிறது. சம்பளம்? பெற்றோர் முகத்தைப் பார்த்தே சொல்கிறேன், கொட்டாது.

நம் பழைய தோட்டத்து முனீஸ்வரர் கோயில் அடுத்த மாதம் இடம் மாறுகிறதாம். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவுநாடாவும் கைப்பேசியும் கொண்டு வாருங்கள். ஒவ்வொரு சிலைக்குப் பக்கத்திலும் அடிக்கோலை வைத்துப் படமெடுப்போம். யார் வைத்தது, எந்த வருடம் என்று பாட்டிமாரிடம் கேட்டு எழுதுவோம். வருகிறவர்கள் செயலாளரிடம் பேர் கொடுத்துவிட்டுப் போங்கள்.