புது பால் பைத்தானுக்கு தோல் பிரச்சனையா? மருந்து போடறதுக்கு முன்னாடி டேங்கைப் பாருங்க

வணக்கம் மக்களே. பால் பைத்தான் (ball python, வீட்ல வளக்கற ஒரு வெளிநாட்டு மலைப்பாம்பு வகை) ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கீங்க, வீட்ல வச்சு கொஞ்ச நாள்லயே பாத்தா வயிறு செவப்பா இருக்கு, இல்லனா செதிலுக்கு நடுவுல கருப்பா பொடிப்பொடியா ஏதோ நகருது, இல்லனா பழைய தோல் பிய்ஞ்சு அங்கங்க ஒட்டிட்டு நிக்குது. உடனே எல்லாரும் கேக்கற கேள்வி "என்ன மருந்து போடலாம்?" தான். ஆனா பாம்போட தோல் கெட்டா பெரும்பாலும் காரணம் அது படுத்திருக்கற டேங்க்ல, அதாவது பாம்பை வச்சு வளக்கற பெட்டியில இருக்கும், அதை சரி பண்ணாம எவ்ளோ நல்ல க்ரீம் தடவினாலும் திரும்பத் திரும்ப வரும்.

முதல்ல ஒண்ணு. வயிறு லேசா ரோஸ் கலர்ல மாறி, கண்ணு நீலமா மங்கிப்போய், உடம்பே டல்லா இருந்தா அது நோய் இல்லீங்க, சட்டை உரிக்கப் போகுதுன்னு அர்த்தம். கண்ணு மறுபடி தெளிவாகும், அதுக்கப்புறம் சில நாள்ல உரிச்சிடும். அந்த நேரத்துல கையில எடுக்காம, ஈரப்பதம் 70 சதவீதம் பக்கம் இருக்கற மாதிரி பாத்துக்கிட்டா போதும்.

(திரையில: டிஷ்யூ பேப்பர்ல கருப்புப் புள்ளிகள், க்ளோஸப்)

இப்ப மைட்ஸ், அதாவது பாம்பு ரத்தத்தை குடிக்கற பொடிப் பூச்சிங்க. புதுசா வர்ற பாம்புல இதுதான் நிறைய வரும், ஏன்னா கடையில ஒரு பாம்புக்கு இருந்தா பக்கத்து டப்பாவுக்கும் ஏறிடும். ஒரு மில்லிமீட்டர் சைஸ்தான், ரத்தம் குடிச்சா கருப்பா தெரியும். கண்ணு ஓரம், தாடைக்கு கீழ இருக்கற மடிப்பு, உதட்டுல இருக்கற சூடு உணர்ற குழிங்க, இங்கதான் ஒளிஞ்சிருக்கும். பாம்பு எப்பப் பாத்தாலும் தண்ணிக் கிண்ணத்துலயே சுருண்டு கிடக்குதுன்னா சந்தேகப்படுங்க, கிண்ணத்து அடியில கருப்பு தூள் மாதிரி செத்து கிடக்கும். வெள்ளை டிஷ்யூவை ஈரப்படுத்தி பாம்பு மேல மெதுவா ஓட்டிப் பாருங்க, தெரிஞ்சிடும்.

சும்மா தண்ணில ஊறவச்சா மைட்ஸ் செத்துடும்னு சொல்வாங்க. உடம்புல இருக்கறது கொஞ்சம் சாகும், ஆனா பாம்பு தலையை வெளியதான நீட்டிட்டு இருக்கும், மிச்சமெல்லாம் தலைக்கு ஏறி தப்பிச்சுக்கும். அதைவிட முக்கியம், முட்டை பாம்பு மேல இருக்காது, டேங்க் மூலை, மரக்கட்டை ஓட்டை, மூடியோட இடுக்குன்னு போய்தான் வைக்கும், டேங்க் சூட்டுல முட்டையில இருந்து பெரிய மைட் ஆக ஏறக்குறைய 2 வாரம் போதும். அதனால அடியில போட்ட மரத்தூள், தேங்கா நார், கட்டை எல்லாத்தையும் கவர்ல கட்டி வெளிய போட்டுடுங்க. டேங்கை சுடுதண்ணி ஊத்தி இண்டு இடுக்கு விடாம தேய்ச்சு, நல்லா காயவச்சு, அடியில வெறும் டிஷ்யூ பேப்பர் போடுங்க. பேப்பர் வெள்ளையா இருக்கறதால ஒரு மைட் விழுந்தாகூட கண்ணுல படும்.

மருந்துன்னா ஃபிப்ரோனில் ஸ்ப்ரே, ஐவர்மெக்டின் ரெண்டும் டாக்டர்ங்க உபயோகிக்கறாங்க. அளவு அவங்க சொல்லணும், நீங்களா நாய்க்கு வாங்கினதை எடுத்து அடிக்காதீங்க. ஃபிப்ரோனிலை நேரா அடிக்காம துணியில எடுத்து துடைக்கச் சொல்வாங்க, தண்ணிக் கிண்ணத்தை எடுத்துட்டு, காஞ்ச அப்புறம்தான் பாம்பை திரும்ப விடணும். ஐவர்மெக்டின் ஆமைக்கு உயிரே போற விஷம், வீட்ல ஆமையும் வளக்கறீங்கன்னா டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. ஒரு தடவை போட்டு ஒண்ணும் தெரியலன்னு விட்டுடாதீங்க, அடுத்த பேட்ச் முட்டை பொரிஞ்சு வரும், டாக்டர் சொன்ன இடைவெளியில மறுபடி போட்டே ஆகணும்.

(திரையில: வயித்து செதில்ல பழுப்பு நிறத் திட்டு)

அடுத்தது ஸ்கேல் ராட், செதில் அழுகல். வயித்துப் பக்கம் செதில் பழுப்பாவோ செவப்பாவோ மாறும், கொப்புளம் வரும், விட்டா புண்ணாகும். இங்க நிறைய பேருக்கு ஒரு குழப்பம் இருக்கு. பால் பைத்தானுக்கு 50லிருந்து 60 சதவீதம் ஈரப்பதம் வேணும்னு படிச்சிட்டு தரையை சொதசொதன்னு நனைச்சு வைக்கறாங்க. ஈரம் காத்துல இருக்கணும்ங்க, வயிறு படற இடம் காஞ்சிருக்கணும்! நனைஞ்ச தரை, அதுலயே எச்சம், அதுக்கு மேல சூடும் கம்மி, இது மூணும் சேந்தா சூடோமோனாஸ், ஏரோமோனாஸ் மாதிரி பாக்டீரியா உள்ள போயிடும்.

லேசா இருந்தா, பேப்பருக்கு மாத்துங்க. பொவிடோன் அயோடினை தண்ணில லேசான பிளாக் டீ கலர் வர்ற அளவுக்கு கலந்து, வெதுவெதுப்பா, உடம்பு பாதி மூழ்கற ஆழத்துல 15லிருந்து 20 நிமிஷம் விடுங்க, பக்கத்துலயே இருங்க, பாம்பும் மூழ்கி சாகும். ஒத்தி எடுத்து காயவச்சு, சில்வர் சல்ஃபாடயசின் க்ரீம், தீக்காயத்துக்கு மெடிக்கல்ல குடுப்பாங்களே அதேதான், மெல்லிசா தடவலாம். மஞ்சள், வேப்பெண்ணெய், தேங்காண்ணெய்னு நம்ம வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், புண்ணு மேல எண்ணெய் படிஞ்சா அழுக்குதான் ஒட்டும், மருந்து இறங்காது. டெட்டால், ஃபினாயில் டேங்க் கழுவக்கூட வேண்டாம், அதுல இருக்கற ஃபினால் வகை கெமிக்கல் பாம்புக்கு ஆகாது.

சூடு ரொம்ப முக்கியம். ஒரு பக்கம் 31லிருந்து 33 டிகிரி, இன்னொரு பக்கம் 25லிருந்து 27. பாம்பு குளிர்ந்து கிடந்தா அதோட எதிர்ப்பு சக்தி சரியா வேலை செய்யாது, டாக்டர் போடற ஊசியும் முழுசா பலன் தராது. நாத்தம், சீழ், வயித்துல புதுசு புதுசா செவப்புப் புள்ளி பரவுது, வாயைத் திறந்து மூச்சு விடுதுன்னா க்ரீமெல்லாம் தடவிட்டு உக்காராதீங்க, அது ரத்தத்துல கலந்திருக்கலாம், அன்னைக்கே தூக்கிட்டு ஓடுங்க. ஆற நாளாகும், ஒவ்வொரு தடவை சட்டை உரிக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமா தெளியும்.

சட்டை துண்டு துண்டா உரிஞ்சா காத்துல ஈரம் பத்தலைன்னு அர்த்தம். சென்னை மாதிரி ஊர்ல வெளிய ஈரம் நிறைய இருக்கும், ஆனா ராத்திரி முழுக்க ஏசி ஓடற ரூம்ல டேங்க் இருந்தா காத்து காஞ்சிடும். வெதுவெதுப்பான தண்ணில நனைச்சுப் பிழிஞ்ச டவலுக்குள்ள பாம்பை ஊர விடுங்க, அதுவே உரிச்சுக்கும், இழுக்காதீங்க. வால் நுனியில பழைய தோல் வளையமா நின்னுட்டா ரத்த ஓட்டம் நின்னு வாலே செத்துப்போகும், அதை கவனிங்க. கண்ணு மேல இருக்கற பழைய தோல் உரியாம நின்னுட்டா செல்லோடேப், ட்வீசர் எதுவும் கிட்ட கொண்டு போகாதீங்க, கண்ணே போயிடும். ஈரப்பதம் ஏத்தி அடுத்த உரிப்பு வரைக்கும் பொறுங்க, அப்பவும் வரலன்னா டாக்டர்.

சூட்டை கட்டுப்படுத்தற தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட் (சூடாகற விரிப்பு), ஹீட் ராக்னால (சூடாகற செயற்கைக் கல்) வர்ற சூட்டுக் காயமும் அழுகல் மாதிரியே தெரியும். மஞ்சளா தடிச்சு பொருக்கு கட்டினா பூஞ்சையா இருக்கலாம், அதை கண்ணால பாத்து சொல்ல முடியாது, சாம்பிள் எடுத்துதான் பாக்கணும்.

இந்தியாவுல இருக்கறவங்களுக்கு ஒரு விஷயம். நம்ம ஊரு பாம்பை, மலைப்பாம்போ வேற எதுவோ, வீட்ல வளக்கறது 1972 வன உயிரின பாதுகாப்பு சட்டப்படி குத்தம். பால் பைத்தான் வெளிநாட்டு இனம், சைட்டிஸ் (காட்டு உயிரின வியாபாரத்தை கட்டுப்படுத்தற சர்வதேச ஒப்பந்தம்) பட்டியல்ல இருக்கு, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் போர்ட்டல்ல பதிவு பண்ணியிருக்கணும். பேப்பர் இல்லாம வாங்கினவங்க மாட்டிக்குவோம்னு பயந்து டாக்டர்கிட்டயே போறதில்ல, வலிய தாங்கிக்கிட்டு கிடக்கறது அந்த பாம்புதான். வாங்கும்போதே பேப்பர் கேளுங்க, ஊர்வன பாக்கற டாக்டர் யாருன்னும் அப்பவே விசாரிச்சு வச்சுக்கோங்க.

ஏற்கனவே வீட்ல ஒரு பாம்பு இருந்தா புதுசை வேற ரூம்ல, குறைஞ்சது 60 நாள், முடிஞ்சா 90 நாள் தனியா வைங்க. பழசுக்கு முதல்ல சாப்பாடு, சுத்தம் எல்லாம் முடிச்சிட்டு கடைசியா புதுசுகிட்ட போங்க, அதுக்குன்னு தனி கிண்ணம், பாம்பைத் தூக்கற கொக்கியும் (ஹூக்) தனி. பாம்பு மேல சால்மோனெல்லாங்கற, வயித்துப்போக்கு வர வைக்கற பாக்டீரியா இருக்கும்ங்கறதால ஒவ்வொரு தடவையும் சோப்பு போட்டு கை கழுவுங்க, டேங்கை கிச்சன் சிங்க்ல மட்டும் கழுவாதீங்க.