எந்தச் சீட்டு முதல் சீட்டு?

(மன்னார்குடியில் நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் குழந்தை மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். முதலில் ஒரு கேள்வி. மேட்டூரில் இன்று எத்தனை அடி? பாருங்கள், கடைசி வரிசையிலிருந்துகூடப் பதில் வருகிறது. நீர்வரத்து எத்தனை கனஅடி என்பதையும் சேர்த்துச் சொல்கிறார் ஒருவர். சரி, உங்கள் வீட்டுப் பேரக்குழந்தை எத்தனை கிலோ? இப்போது மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

குறை சொல்ல வரவில்லை. அணையின் கணக்கை நாள்தோறும் எழுத ஆள் இருக்கிறது. குழந்தை சாப்பிட்ட மருந்தின் கணக்கை எழுதத்தான் ஆள் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் இரவு, நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஐந்து வயதுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டிருந்தது. கண்கள் மேலே செருகியிருந்தன. ஆனால் நினைவு தவறவில்லை, அம்மாவைக் கூப்பிட்டு அழுதது. நெற்றி நிறையத் திருநீறு, கவுனில் ஒட்டிக்கொண்டிருந்த வேப்பிலை. என்னிடம் வருவதற்கு முன் எங்கே போனார்கள் என்று கேட்க வேண்டியதே இல்லை.

வலிப்பா, ரண ஜன்னியா (டெட்டனஸ்) என்று எனக்கும் குழப்பம்தான். மத்தியானம் வாந்திக்கு ஒரு கிளினிக்கில் ஊசி போட்டதாகப் பாட்டி சொன்னார். மருந்துச் சீட்டைக் கேட்டேன். சுருக்குப் பையிலிருந்து வெற்றிலைக் காம்போடு சேர்ந்து வந்தது. அதில் ‘ஊசி 1’ என்று மட்டும் எழுதியிருந்தது. குழந்தையின் மாமா டி.வி.எஸ். 50-ஐ எடுத்துக்கொண்டு போய், தூங்கிக்கொண்டிருந்த கம்பவுண்டரை எழுப்பிப் பெயரைக் கேட்டு வந்தார்: மெட்டோகுளோப்ரமைடு. வாந்தியை நிறுத்தும் மருந்து. மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுப்பதால் சில குழந்தைகளுக்கு இப்படிக் கழுத்தைப் பிடித்து இழுத்துவிடும். அந்த இழுப்பைத் தளர்த்தப் புரோமெத்தசின் ஊசி போட்டேன். கால் மணி நேரத்தில் கழுத்து நேராகிவிட்டது. “இறங்கிவிட்டது” என்றார் பாட்டி. எது இறங்கியது என்று நான் கேட்கவில்லை.

அன்று பதிவேட்டில் நான் என்ன எழுதினேன் தெரியுமா? ‘கழுத்து இழுப்பு, குணம்.’ மருந்தின் பெயரை நானும் எழுதவில்லை. கிளினிக்காரரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

ஒரு மருந்தைச் சந்தைக்கு விடுமுன் சில ஆயிரம் பேரிடம்தான் சோதிக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வளர்ந்தவர்கள். பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் பக்கவிளைவு, நூற்றுக்கு 95 பங்கு நிச்சயத்தோடு ஒரு முறையாவது கண்ணில் பட வேண்டுமானால் 30,000 பேரைக் கவனிக்க வேண்டும். குழந்தைகளில் அத்தனை பேரை வைத்து யாரும் சோதிப்பதில்லை. ஆகவே மருந்து கடைக்கு வந்த பிறகு நடப்பதை எழுதிவைத்து எண்ணிப் பார்ப்பது ஒன்றுதான் வழி.

அப்படி எண்ணிப் பிடித்ததுதான் ஆஸ்பிரின் கதை. காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் சாப்பிட்ட சில குழந்தைகளுக்கு மூளை வீங்கி ஈரல் கெட்டது. ரேய் நோய்க்குறி என்று பெயர், 1963-இல் விவரிக்கப்பட்டது. நோய் வந்த குழந்தைகள் என்ன மருந்து சாப்பிட்டார்கள், வராத குழந்தைகள் என்ன சாப்பிட்டார்கள் என்று அமெரிக்காவில் ஒப்பிட்டுப் பார்த்தபோது ஆஸ்பிரின் சிக்கியது. 1980-இல் அங்கே 555 பேருக்கு வந்த நோய், பெற்றோரை எச்சரித்த பிறகு படிப்படியாகக் குறைந்து, 1994 முதல் ஆண்டுக்கு இரண்டு பேருக்கு மேல் வரவில்லை.

பதிவுகளிலிருந்து சந்தேகத்தைப் பிடிக்கப் பல முறைகள் உண்டு. எனக்குப் பிடித்தது டென்மார்க்கைச் சேர்ந்த ஹல்லாஸ் 1996-இல் காட்டியது. என் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்குள் மெட்டோகுளோப்ரமைடும் புரோமெத்தசினும் வாங்கிய நூறு குழந்தைகளின் சீட்டுகள் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லையென்றால், எது முதல் சீட்டு என்பது ஏறக்குறையப் பாதிக்குப் பாதி இருக்கும். எண்பது பேருக்கு வாந்தி மருந்து முன்னேயும் புரோமெத்தசின் பின்னேயும் வந்திருந்தால்? எங்கோ கழுத்துகள் திருகியிருக்கின்றன. யாரும் ‘பக்கவிளைவு’ என்ற சொல்லை எழுதியிருக்கவே வேண்டாம். தேதி காட்டிக்கொடுத்துவிடும்.

இது சந்தேகம்தான், தீர்ப்பு ஆகாது. புரோமெத்தசினைச் சளிக்கும் அரிப்புக்கும்கூடக் கொடுப்பார்கள். வாந்தியோடு வந்த நோயே பிறகு வேறு மருந்தைக் கேட்டிருக்கலாம். அந்தச் சிக்கலை அவிழ்க்கப் புள்ளியியல்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் தேதியும் பெயரும் இல்லாத சீட்டை வைத்துக்கொண்டு அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

நம் மாநிலத்தில் பிக்மி பதிவு இருக்கிறது. தாய்க்கு எண் கொடுத்து, பிரசவத்தையும் தடுப்பூசியையும் தேதியோடு ஏற்றுகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் தனியார் கிளினிக்கில் எழுதிய சிரப்பும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையும் அதில் ஏறுவதில்லை. ஆற்றில் தண்ணீர் வந்தும் வாய்க்காலில் ஏறவில்லை என்றால் என்ன ஆகும் என்று கடைமடையில் இருக்கும் தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மருந்தால்தான் வந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டாம். சந்தேகம் வந்தாலே இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குச் சொல்லலாம். 1800 180 3024, கட்டணம் கிடையாது. படிவம் தமிழிலும் இருக்கிறது. குழந்தையின் எடையையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாராசிட்டமாலின் அளவே எடையைப் பார்த்துத்தான். அதிலும் சொட்டு மருந்து ஒரு மில்லியில் 100 மில்லிகிராம், சிரப் ஐந்து மில்லியில் 125 அல்லது 250. சிரப்புக்குச் சொன்ன அளவைச் சொட்டு மருந்தில் எடுத்து, இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ மருந்தைப் பாலாடையில் புகட்டிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். தேதி, எடை, மருந்தின் பெயர், அளவு. மாத்திரை அட்டையைக் கடையில் வெட்டிக் கொடுக்கும்போது பெயர் இருக்கும் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் முறைப்பார். முறைத்துவிட்டுப் போகட்டும்.