ஆச்சி போட்ட பிள்ளையார் சுழி

(பாளையங்கோட்டையில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

கையால் கடிதம் எழுதுவதைப் பற்றிப் பேச வந்திருக்கும் நான், கைப்பேசியைப் பழிக்க வரவில்லை. வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் மகனின் முகத்தை மேலப்பாளையத்தில் இருக்கும் தாய் நாள்தோறும் பார்க்க முடிகிறதென்றால் அது பெரும்பேறு. ஆயினும் கடிதம் செய்துவந்த ஒரு வேலையை அந்தக் கருவி செய்வதில்லை. அதைச் சொல்லவே நிற்கிறேன்.

தாமிரபரணிக் கரையிலுள்ள எங்கள் ஊரில், எழுத்தறியாத என் ஆச்சி சொல்லச் சொல்ல, பம்பாயில் இருந்த மாமாவுக்குக் கடிதம் எழுதியவன் நான். திண்ணையில் கால்நீட்டி அமர்ந்து, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவியபடியே, “செவலைப் பசு கன்னு போட்டிருக்குன்னு எழுதுல. ஆத்துல ரெண்டு கரையும் தொட்டுத் தண்ணி போகுதுன்னு எழுது. எனக்கு முட்டுவலின்னு மட்டும் எழுதிராத” என்பாள். ஆனால் தாளின் உச்சியில் பிள்ளையார் சுழியை அவளேதான் போடுவாள். அவள் அறிந்த எழுத்து அது ஒன்றுதான். கடிதம் கைக்கு வந்ததும் மாமா முதலில் பார்ப்பது அந்தச் சுழியைத்தானாம். ஒருமுறை சுழி கோணி, அதன் வால் நடுங்கி இழுபட்டிருந்தது. கீழே நான் எழுதியிருந்ததோ ‘அனைவரும் நலம்’ என்று. மாமா அன்றே விடுப்புச் சொல்லி ரயிலேறிவிட்டார். அச்செழுத்து, காய்ச்சலில் கிடப்பவர் தட்டினாலும் களிப்பில் இருப்பவர் தட்டினாலும் ஒன்றுபோலவே வந்து நிற்கும். மறைக்க நினைத்ததையும் சொல்லிவிடும் நேர்மை கையெழுத்துக்குத்தான் உண்டு.

இந்த நெல்லைச் சீமை கடிதத்தால் இலக்கியம் வளர்த்த சீமை. கம்பனின் பெரும் ரசிகரான இலக்கியத் திறனாய்வாளர் ரசிகமணி டி.கே.சி. நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் கம்பன் பாட்டை எதிரே இருத்திப் பேசுவதுபோல் நயம் சொன்னார். இராஜவல்லிபுரத்து எழுத்தாளர் வல்லிக்கண்ணனும், திருநெல்வேலி டவுனில் வாழ்ந்த விமர்சகர் தி.க.சி.யும் சிறுபத்திரிகையில் முதல் கதை வெளியான இளைஞரைக்கூடத் தேடிக் கடிதம் எழுதினார்கள். பெயர் தெரியாத ஒரு பிள்ளைக்கு, தன்னை ஒரு மூத்தவர் படித்திருக்கிறார் என்பதற்கு அந்த அஞ்சலட்டையே சாட்சி. ஒருவரை எழுத்தாளராக நிலைநிறுத்த அது போதுமானதாக இருந்தது. விருப்பக்குறி ஒன்றைத் தட்டிவிட்டுப் போவது அந்த வேலையைச் செய்யுமா என்று எண்ணிப் பாருங்கள்.

அஞ்சலட்டையின் இடக்குறுக்கமும் ஓர் ஆசான். இந்தியாவில் 1879இல் கால் அணா விலையில் அறிமுகமான அந்தச் சிறிய அட்டையில், எதை விடுவது, எதை வைப்பது என்று எழுதுமுன் யோசித்தாக வேண்டும். அடித்தால் அடித்தது தெரியும். அந்த யோசனை முழுவதும் ஒரே ஒரு மனிதரை நினைத்தபடி நடக்கிறது. அவர் எந்தச் சொல்லுக்கு முகம் வாடுவார், எதற்குச் சிரிப்பார் என்று எழுதுகிறவர் கணக்கிடுகிறார். கோபத்தில் எழுதிய கடிதத்தைத் தபால் பெட்டி வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து கிழித்துப்போட்டவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். அந்தத் தெருநீளம் எத்தனை உறவுகளைக் காப்பாற்றியிருக்கிறது!

நம் வீடுகளில் வளைத்த கம்பியில் கடிதங்களைக் குத்தித் தொங்கவிட்டிருப்போம். பேறுகாலம், பெண் பார்த்தது, கிணறு வெட்டியது என்று குடும்பத்தின் வரலாறு அங்கே துருவேறிக் கிடந்தது. வீட்டை இடிக்கும்போது எங்கள் கம்பியும் போய்விட்டது. ஆச்சியின் சுழி ஒன்றுகூட என்னிடம் இல்லை. அந்தக் குறை எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரங்க வாசலில் அஞ்சலட்டைகள் வைத்திருக்கிறோம். ஆளுக்கொன்று எடுத்து, ஊரிலிருக்கும் தாத்தாவுக்கோ ஆச்சிக்கோ எழுதுங்கள். முகவரி தெரியாவிட்டால் இன்று இரவே அவர்களை அழைத்துக் கேளுங்கள். அஞ்சல் குறியீட்டு எண்ணையும் மறவாமல் கேளுங்கள்.