களிக்கே தீர்ப்பு வேண்டும், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களுக்கும் பாலக்கோட்டு மக்களுக்கும் வணக்கம். ‘உடம்புக்கு உரம் தருவது களியா, சோறா?’ என்பது தலைப்பு. நான் கேழ்வரகுக் களிக்கட்சி.

எதிரணித் தம்பி ஒரு கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்தார். "நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பார்கள். களியை மெல்லவே முடியாதே, அப்புறம் எங்கே நூறு வயது?" நீங்களும் கை தட்டினீர்கள். சரி, பதில் சொல்கிறேன்.

எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணைச் சென்னையில் கொடுத்தோம். மறுவீட்டு விருந்து. இலையில் சுடச்சுடக் களி, நடுவே குழி, குழி நிறைய அவரைக்கொட்டைக் குழம்பு. மாப்பிள்ளை ஒரு கவளம் எடுத்தார், மென்றார். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டிக்கொண்டன! அந்த நேரம் பார்த்து மாமியார் கேட்கிறார்: "களி நல்லாருக்குதுங்களா மாப்ள?" வாயைத் திறந்தால்தானே? தலையை ஆட்டினார். பிடித்துவிட்டது என்று இன்னோர் உருண்டை விழுந்தது. வேண்டாம் என்று கையை ஆட்டினார். "கூச்சப்படறாரு, இன்னொன்னு வை" என்றார் மாமனார். ஒரு வாய் இன்னும் உள்ளே போகவில்லை, இலையில் மூன்று உருண்டை! கடைசியில் பாட்டிதான் பக்கத்தில் உட்கார்ந்து, "மெல்லாத கண்ணு, குழம்புல தொட்டு முழுங்கு" என்று காட்டிக் கொடுத்தார். மறுநாள் காலையில் அவரே கேட்கிறார்: "பாட்டி, களி இருக்குதா?"

தம்பி, மெல்லுவது எதற்கு? உணவைப் பொடியாக்க. உமிழ்நீரில் உள்ள அமிலேஸ் என்ற செரிமான நொதி மாவுச்சத்தை உடைக்கத் தொடங்க. கேழ்வரகை மாவு மில்லே பொடியாக்கிவிட்டது, கொதிநீர் குழைத்துவிட்டது. மிச்சத்தைக் கணையத்தின் அமிலேஸ் சிறுகுடலில் பார்த்துக்கொள்ளும். சோறானாலும் களியானாலும் மாவுச்சத்து கடைசியில் குளுக்கோஸ்தான், கிராமுக்கு 4 கலோரிதான். ஆனால் 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான். தானியத்தில் குறைகிற லைசின் என்ற புரதக்கூற்றை அந்த அவரைக்கொட்டை ஈடுகட்டுகிறது. நம் தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி என்பது உங்களுக்கே தெரியும். சுண்ணாம்புச்சத்துக் குறைந்த உடம்பைத்தான் அது அதிகம் வாட்டும்.

மாவைக் கட்டி தட்டாமல் கிளறியது யார்? துடுப்பு பிடித்துக் காய்த்துப்போன அம்மாவின் கை! எல்லோரும் தின்று எழுந்த பிறகு பானையைச் சுரண்டித் தின்றவள் அவள். பிள்ளைக்குப் பால் கொடுக்கும் மாதங்களில், பாலுக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்தில் ஒரு பங்கை உடம்பு தாயின் எலும்பிலிருந்தே எடுக்கிறது. அம்மா! நாங்கள் குடித்தது உன் எலும்பையா? இங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு பிள்ளையையும் கேட்கிறேன்: உன் அம்மா வயிறாரச் சாப்பிட்டு நீ எப்போது பார்த்தாய்?

நடுவர் அவர்களே, உங்கள் அம்மாவை நினைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.