அர்ச்சுனன் தேரும் இப்படித்தான் போகுமா?

வணக்கம் மக்களே. படம் கொஞ்சம் ஆடினால் பொறுத்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து வடம் பிடித்த கை, போனைப் பிடிக்க மாட்டேன் என்கிறது. உள்ளங்கையைப் பாருங்கள். இந்தச் சிவப்பு மருதாணி இல்லை.

நான் நிற்பது மதுரை கீழமாசி வீதி, தேரடிக்குப் பக்கத்தில். பின்னால் தெரிவது சுவாமி தேர். சுந்தரேசுவரரும் பிரியாவிடை அம்மனும் வந்தது அதில்தான். அந்தப் பக்கம் மீனாட்சியின் தேர். சித்திரைத் திருவிழாவில் நேற்று மீனாட்சி கல்யாணம், இன்று தேர், நாளை அழகர் ஆற்றில் இறங்குகிறார். நான்கு மாசி வீதியும் சுற்றி இரண்டு தேரும் நிலைக்கு வந்துவிட்டன. தெரு முழுக்க ஒற்றைச் செருப்பாகக் கிடக்கிறது. அதில் ஒன்று என்னுடையது. செருப்போடு வடம் பிடிக்கக் கூடாது என்று அம்மா காலையிலேயே சொன்னார். கேட்டிருக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மோர்ப் பந்தலில் நின்றபோது ஒரு பொடியன், நான்காவது ஐந்தாவது படிப்பான், என்னைப் பார்த்துக் கேட்டான்: "அண்ணே, அர்ச்சுனன் தேரும் இப்படித்தான் மெதுவாப் போகுமா?"

சிரிக்காதீர்கள். இரண்டுக்கும் நாம் தேர் என்றுதானே சொல்கிறோம்? ஒன்று, அந்தக் காலத்தில் நிலத்தில் ஓடியதிலேயே வேகமான வண்டி. இன்னொன்று, நாலு தெருவைச் சுற்ற அரை நாள் எடுக்கும் வண்டி. 

முதலில் வேகமான தேர். சக்கரம் அதற்கு முன்பே இருந்தது. ஆனால் பலகையை இணைத்துச் செய்த கட்டைச் சக்கரம், கனம் அதிகம். கி.மு. 2000 வாக்கில், ரஷ்யாவில் யூரல் மலையின் தென்பகுதியில் இருந்த சிந்தாஷ்தா மக்கள் ஆரக்கால், அதாவது சைக்கிள் கம்பி மாதிரி நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் குச்சிகள், வைத்த சக்கர வண்டியைத் தங்கள் வீரர்களோடு சேர்த்துப் புதைத்திருக்கிறார்கள். ஆரக்கால் வந்ததும் கனம் போனது, குதிரை பறந்தது. எகிப்தில் துட்டன்காமுன் கல்லறையை 1922இல் திறந்தபோது உள்ளே ஆறு தேர்கள், கழற்றிப் போட்டபடி இருந்தன. வளைத்த மரமும் தோலும்தான். ஒரு ஆள், மிஞ்சினால் இரண்டு ஆள், அலாக்காகத் தூக்கிவிடலாம். கி.மு. 1274 வாக்கில் காதேஷ் போரில் எகிப்து மன்னன் இரண்டாம் ராம்சேசும், இன்றைய துருக்கிப் பக்கம் ஆண்ட ஹிட்டைட்டுகளும் ஆயிரக்கணக்கான தேர்களோடு மோதினார்கள். எகிப்தியத் தேரில் இரண்டு பேர், ஒருவன் ஓட்ட, ஒருவன் அம்பு விட. ஹிட்டைட் தேரில் மூன்று பேர். நம் ஆட்டோவில் ஏறுவதைவிடக் குறைவு.

ஆனால் தேருக்குத் தரை வேண்டும். கி.மு. 326இல் ஜீலம் ஆற்றங்கரையில், அலெக்சாண்டரை மறிக்க வந்த போரஸ் பக்கத்துத் தேர்கள் மழைச் சேற்றில் மாட்டிக்கொண்டன. 'கடலோடா கால்வல் நெடுந்தேர்' என்று வள்ளுவர் சொன்னது கடலுக்கு மட்டும் இல்லை, சேற்றுக்கும் பொருந்தும். குதிரை முதுகிலேயே உட்கார்ந்து சண்டை போடப் பழகிய பிறகு, தேரை எதற்குக் கட்டி இழுப்பது? போர்க்களத்தை விட்டுப் பந்தயத் திடலுக்குப் போனது. ரோமில் சிவப்பு, வெள்ளை, பச்சை, நீலம் என்று அணிகள். 532இல் கான்ஸ்டான்டினோபிளில் நீல அணி, பச்சை அணி ரசிகர்கள் கிளப்பிய கலவரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். நம்மூர் ரசிகர் மன்றங்கள் பரம சாது.

சதுரங்கத்துக்குள்ளேயும் தேர் ஒளிந்திருக்கிறது. மூலையில் நிற்குமே, நாம் யானை என்றும் கோட்டை என்றும் சொல்லும் காய், அது முதலில் தேர். சீனச் சதுரங்கத்தில் அதற்கு இன்றும் தேர் என்றே பெயர்.

இப்போது நம் பக்கம். இங்கிருந்து சிங்கம்புணரி தாண்டிப் போனால் பிரான்மலை. பாரியின் பறம்பு மலை அதுதான் என்பார்கள். முல்லைக்குத் தேர் கொடுத்த கதையைப் பள்ளிக்கூடத்தில் நடத்தும்போது, "நாலு குச்சி ஊன்றியிருந்தால் போதாதா சார்?" என்று கேட்டு முதுகில் ஒன்று வாங்கியிருக்கிறேன். அன்று எனக்குப் புரியவில்லை, தேர் என்றால் எவ்வளவு வேலை என்று. புறநானூற்றில் ஔவையார் அதியமானைச் சொல்லும்போது, ஒரு நாளைக்கு எட்டுத் தேர் செய்கிற தச்சன், ஒரு மாதம் உட்கார்ந்து ஒரே ஒரு சக்கரம் செய்தால் எப்படி இருக்கும், அப்படிப்பட்டவன் என்கிறார். எனக்கு அதியமானைவிட அந்தத் தச்சன்மேல்தான் கண். ஒரு மாதம், ஒரு சக்கரம்! அதைப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த ராஜா வண்டியைத்தான் பிறகு சாமிக்குக் கொடுத்தார்கள். மாமல்லபுரத்தில் பாறையைக் குடைந்து ரதம் என்று பேர் வைத்தார்கள். ஹம்பியின் கல் தேர் உங்கள் பையில் இருக்கும் 50 ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது. மரத்தில் செய்தவை வளர்ந்துகொண்டே போய், திருவாரூர் ஆழித்தேர் 96 அடியில் நிற்கிறது. குதிரை இன்னும் முன்னால் இருக்கிறது, பாருங்கள், ஆனால் மரக்குதிரை. இழுப்பது நாம்.

இத்தனை பெரிய வண்டிக்கு ஸ்டீயரிங் கிடையாது. அச்சு திரும்பாது. அப்படியானால் கீழமாசி வீதியிலிருந்து தெற்கு மாசி வீதிக்கு எப்படித் திரும்புகிறது? சக்கரத்துக்குப் பக்கத்திலேயே, கட்டையோடு ஓடுகிறார்களே, அவர்கள் கையில் இருக்கிறது சூட்சுமம். கட்டையைச் சாய்வாகப் போட்டால் சக்கரம் அதன்மேல் ஏறி, வழுக்கி, வேண்டிய பக்கம் சரியும். நேராகப் போட்டால் தேர் நிற்கும். கொஞ்சம் பிசகினால் கை இருக்காது. காலையில் நான் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். சக்கரம் ஏறும்போது கட்டை 'க்ரீச்' என்று ஒரு சத்தம் போடும், தேய்ந்த மரத்தின் வாசனை வரும், விளிம்பு பஞ்சு மாதிரி பிரியும். உடனே அடுத்த கட்டை. 'முட்டுக்கட்டை போடாதே' என்று ஆளைத் திட்டுகிறோம். அந்தக் கட்டை மட்டும் இல்லாவிட்டால் மாசி வீதியில் ஒரு கடை மிஞ்சாது.

ஊர் கூடித் தேர் இழுத்தோம் என்று நாம் பெருமையாகச் சொல்வோம். ஊர் என்றால் யார் என்பதில்தான் சண்டையே வரும். தேவகோட்டைக்குப் பக்கத்தில் கண்டதேவித் தேர், யார் வடம் தொடலாம் என்ற தகராறில் வருடக்கணக்காக நின்று, வழக்காகி, 2024 ஜூனில் போலீஸ் பாதுகாப்போடு ஓடியது. எகிப்துத் தேரில் ராஜாவும் ஓட்டுபவனும்தான் ஏற முடியும், மற்றவன் ஒதுங்க வேண்டும். நம் தேரைத் தொட ஆயிரம் கை வேண்டும். அதிலும் சில கைகளை ஒதுக்கினால், அதற்கு ராஜா தேரே தேவலாம் என்று எனக்குத் தோன்றும்.

அந்தப் பொடியனுக்கு நான் சொன்ன பதில் இதில் கால்வாசி கூட இல்லை. "அது வேற, இது வேற தம்பி" என்று மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அவனுக்காகத்தான் இந்த வீடியோ.

ஒரு நிமிடம். அண்ணே, அந்தக் கட்டையைக் கொஞ்சம் காட்டுங்களேன். கேமராவுக்கு. ஆமாம், அந்தப் பக்கம். பார்த்தீர்களா மக்களே, இந்தக் குழி? "இது காலையில புதுக் கட்டைப்பா" என்கிறார். என் கை உள்ளே போகிறது.

பேட்டரி எட்டு சதவீதம். சாயங்காலம் எதிர்சேவை, அதாவது ஊருக்குள் வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்பது, இப்போதே நடக்க ஆரம்பித்தால்தான் கள்ளழகர் முகத்தைப் பார்க்க முடியும். அதற்கு முன்னால் எங்கேயாவது ஒரு ஜோடி செருப்பு வாங்க வேண்டும்.