மூன்று எண்களும் ஒரு காந்தாரமும்

நேயர்களுக்கு வணக்கம். ஆர்டுயினோ என்ற சின்னப் பலகையைப் பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிகளில் பார்த்திருப்பீர்கள். இருட்டினால் தானாக எரியும் விளக்கு, செடிக்குத் தண்ணீர் விடும் மோட்டார் என்று எதையாவது ஓட்டிக்கொண்டிருக்கும். அதே பலகையைக் கணினியின் இசை மென்பொருளோடும் பேச வைக்கலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பலகையிலிருந்து போவது ஒலி இல்லை, எண்கள். 144, 60, 100 என்று மூன்று எண்களை அனுப்பினால், ‘முதல் சேனலில், நடு ஸ்தாயி ஒரு கட்டை சட்ஜத்தை, 100 அளவு பலத்தோடு வாசி’ என்று அர்த்தம். சேனல் என்றால் செய்திகள் தனித்தனியாகப் போகும் தடம். பலம் 127 வரை போகலாம். நிறுத்த 128, 60, 0. இதை அனுப்பாவிட்டால் ஸ்வரம் அதுபாட்டுக்கு இழுத்துக்கொண்டே நிற்கும். வீணையா குழலா என்பது கணினியின் பொறுப்பு. மறுபடியும் சொல்கிறேன், போவது ஒலி இல்லை. இந்த மொழிதான் மிடி. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இகுதாரோ ககேஹாஷியும் முன்னின்று, 1983-ல் வெவ்வேறு கம்பெனிக் கருவிகளை ஒன்றோடொன்று பேச வைத்தார்கள்.

ஒரு வீணை ஆசிரியையிடம் பட்டன்களைத் தட்டி ச ரி க ம வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். “அதெல்லாம் சரி தம்பி, தோடி ராகத்துக் காந்தாரம் இதில் அசையுமா?” என்றார். எனக்கு அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

அசையும். அதற்கென்றே ‘பிட்ச் பெண்ட்’ என்ற செய்தி மிடியில் இருக்கிறது. 0 முதல் 16383 வரை அதன் வீச்சு. 8192 என்றால் ஸ்வரம் தன் இடத்தில் நிற்கும். பெரும்பாலான மென்பொருள்களில் இந்த வீச்சு மேலே இரண்டு அரைஸ்வரம், கீழே இரண்டு அரைஸ்வரம். ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கும் அதை ஒட்டிய கறுப்போ வெள்ளையோ அடுத்த கட்டைக்கும் உள்ள தூரம்தான் அரைஸ்வரம். தோடியில் வரும் ‘சாதாரண காந்தாரம்’ என்ற ஸ்வரத்துக்கு இரண்டு அரைஸ்வரம் மேலே சுத்த மத்தியமம், இரண்டு கீழே சுத்த ரிஷபம். அந்த அசைவுக்கு வேண்டிய இடம் அப்படியே கிடைத்துவிடுகிறது! மைக் செட் மிக்சரில் மேலும் கீழும் தள்ளுவார்களே, அந்த மாதிரி ஸ்லைடர் ஒன்றைப் பலகையில் இணைத்தேன். அது தரும் 0 முதல் 1023 வரையான அளவைப் பதினாறால் பெருக்கி அனுப்பினால் போதும். விரலை மெல்லத் தள்ளித் திருப்பினால் காந்தாரம் குழைகிறது. வெறும் பட்டனோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். ஸ்வரத்தை இப்படி அசைக்கும் கமகம் இல்லாமல் நம் ராகம் ஏது? ஒரு விஷயம், இந்த அசைவு அந்தச் சேனல் முழுவதையும் அசைக்கும். அதனால் சுருதியைத் தனிச் சேனலில் வையுங்கள். மொத்தம் பதினாறு சேனல் இருக்கிறது.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். எந்தப் பலகை வாங்குவது என்று விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: ஊனோ வகை யுஎஸ்பி வழியே நேரடியாக மிடிக் கருவியாகத் தெரியாது, நடுவில் செய்தியை மாற்றிக் கொடுக்கும் ஒரு நிரல் கணினியில் வேண்டும். லியோனார்டோவோ ராஸ்பெரி பை பிக்கோவோ என்றால் அது தேவையில்லை. வணக்கம்.